சிவ சிவ என்று நான் எழுதிய இடங்களில்

செவ்வாய்க்கிழமை காலை பூஜை அறையில் விளக்கேற்றிவிட்டு எழுந்தபோது கைப்பேசி அடித்தது. தாலுகா அலுவலகத்துக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கும் பாஷா பாய் பேசினார்.

“மரகதம்மா, வேணி அக்கா பூட்டாங்கம்மா. வாசல் தெளிச்சுக்கினு இருந்தவங்க நெஞ்சப் புடிச்சுக்கினு உக்காந்தாங்களாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு. உங்களுக்கு முதல்ல சொல்லணும்னு தோணிச்சு.”

எதிரில் சாமி படங்கள் இருந்தன, அதனால் உள்ளதை எழுதிவிடுகிறேன். எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, பயம். இன்னும் பதினாறு நாளில் நீதிமன்றத்தில் எனக்கு வாய்தா. கூண்டில் ஏறிச் சில வார்த்தைகளை நான் வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். அன்றைக்கு முன் பெஞ்சில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பதாக வேணி அம்மா வாக்குக் கொடுத்திருந்தார்கள். அவர்கள் இல்லை என்பதற்கு முன்னால், நான் தனியாகப் போக வேண்டும் என்பதுதான் எனக்கு உறைத்தது. அதற்கு அவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஆரம்பிக்கிறேன்.

பதினாறாம் நாள் காரியத்தில் அச்சடித்துக் கொடுக்க நாலு வரி எழுதித் தரும்படி அவர்களோடு மரத்தடியில் மனு எழுதும் மற்றவர்கள் கேட்டார்கள். நான் எட்டாவது வரை படித்தவள். மீதி எழுத்தெல்லாம் கோயில் வாசலில் விற்கும் பதிகப் புத்தகங்களை எழுத்துக்கூட்டிப் படித்துக் கற்றது. நாலு வரியில் அடக்கும் சாமர்த்தியம் எனக்கு வரவில்லை.

கிருஷ்ணவேணி அம்மாவைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தாலுகா அலுவலகச் சுற்றுச்சுவரை ஒட்டிய புங்கமரத்தடியில் இருபது வருடத்துக்கு மேலாக மனு எழுதிக் கொடுத்தவர்கள். ஒல்லியான உடம்பு. மூக்குக்கண்ணாடிக்குக் கறுப்புக் கயிறு கட்டியிருப்பார்கள். மடியில் ஒரு பலகை, பக்கத்தில் எவர்சில்வர் தண்ணீர்ச் செம்பு. பட்டா மாற்றம், முதியோர் உதவித்தொகை, ரேஷன் அட்டை எல்லாம் எழுதுவார்கள். ஆனால் ஊரில் அவர்களுக்கு இருந்த பெயர் வேறு. “அந்தப் பொம்பளைக்கு வாய் கூசாது” என்பார்கள். திட்டு வாங்கியவர்கள் புகார் எழுத வந்தால், திட்டிய வார்த்தையை அப்படியே எழுதுவார்கள், எழுதியதை உரக்கப் படித்தும் காட்டுவார்கள். அதுதான் காரணம். நானும் அந்தப் பக்கம் போகும்போது எதிர்ச்சாரியில் நடந்தவள்தான்.

என்னை அந்த மரத்தடிக்குக் கொண்டுபோனது எங்கள் வீட்டுச் சந்து. எங்கள் வாசல் அந்தச் சந்தில்தான் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் அதை அடைத்துத் தன் வீட்டோடு சேர்த்துக்கொள்ள ஆசைப்பட்டார். வழக்கு நடப்பதால் பெயர் எழுதவில்லை. எங்களைக் கிளப்ப அவர் ஆள் வைக்கவில்லை, கல் எறியவில்லை. வாயைத்தான் வைத்தார். என் மகள் சுகந்தி ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறாள். சாயங்காலம் கம்பெனி பஸ் அவளைப் பெரிய தெருவில் இறக்கிவிடும் நேரத்துக்குச் சரியாக அவர் சந்தில் வந்து நிற்பார். அவள் நடந்து வர வர, எங்கே போய் வருகிறாள், யாரோடு வருகிறாள் என்று ஆரம்பிப்பார். அதற்கு மேல் அவர் சொன்னவற்றை இங்கே எழுத மாட்டேன். எழுத வேண்டிய இடத்தில் வேணி அம்மாவின் கையெழுத்தில் அவை இருக்கின்றன.

என் வீட்டுக்காரர் நெசவாளி. முன்னறையில்தான் தறி. முகூர்த்தப் புடவை தறியில் இருக்கும் நாட்களில் எங்கள் வீட்டில் கெட்ட வார்த்தை பேசக் கூடாது. யாரோ ஒரு பெண் தாலி கட்டிக்கொள்ளும்போது உடுத்தப்போகிற துணி. தவறி ஒரு சொல் விழுந்தால் தறியை விட்டு இறங்கி, முகம் கழுவி, திருநீறு பூசிக்கொண்டுதான் மறுபடி உட்காருவார். அந்த ஆளுக்கு இது தெரியும். சில நாள் இவர் ஐந்தாறு முறை இறங்கி ஏறினார். பிறகு இறங்குவதை விட்டுவிட்டு, கைப்பேசியில் பக்திப் பாட்டைச் சத்தமாக வைத்தார். சந்தில் சத்தம் ஏற ஏற உள்ளே பாட்டும் ஏறும். இரண்டுக்கும் நடுவே சுகந்தி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருவாள்.

“நாம காதுல வாங்கலன்னா அது நமக்கு இல்ல, கம்முனு இரு” என்பார் என் வீட்டுக்காரர். நான் வாங்கினேன். என்னால் வாங்காமல் இருக்க முடியவில்லை.

வேலையை விட்டுவிடுகிறேன் என்று சுகந்தி சொன்ன அன்று காவல் நிலையம் போனோம். “இன்னா பேசினாரும்மா?” என்று கேட்டார்கள். “தகாத வார்த்தை பேசினாருங்க” என்றேன். அப்படியே எழுதிக்கொண்டார்கள். அவரை அழைத்துக் கேட்டபோது, “வழில துணி காயப்போடாதீங்கன்னு சொன்னேன் சார். அது தகாத வார்த்தையா?” என்று சிரித்தார். எங்கள் காகிதத்தில் அதற்கு மேல் ஒன்றும் இல்லை. எழுதியவரைக் குறை சொல்ல மாட்டேன், அவர் நான் சொன்னதைத்தான் எழுதினார். கிளம்பும்போது அங்கிருந்த பெண் காவலர் ஒருவர் மெதுவாக, “வேணி அம்மாகிட்ட எழுதிக்கினு வாங்கம்மா” என்றார்.

நான் போனபோது எனக்கு முன்னால் திருப்புட்குழிப் பக்கத்திலிருந்து ஒரு வயதான விவசாயி உட்கார்ந்திருந்தார். வரப்புத் தகராறு. பங்காளி தன்னை என்னவோ சொல்லிவிட்டான், அதை ஒரு பெண்ணிடம் எப்படிச் சொல்வது என்று துண்டை முறுக்கிக்கொண்டிருந்தார்.

வேணி அம்மா பலகையோடு திரும்பி அவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார்கள். “எங்கிட்ட சொல்லாதீங்க பெரியவரே. மரத்துக்கிட்ட சொல்லுங்க. மரம் யார்கிட்டயும் சொல்லாது.”

அவர் மரத்தைப் பார்த்துச் சொன்னார். வேணி அம்மா எழுதிக்கொண்டார்கள். நான் காதைப் பொத்திக்கொண்டேன். ஆனாலும் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்து போகும்போது அவர் முதுகு கொஞ்சம் நிமிர்ந்திருந்தது.

என் முறை வந்தது. நான் என் நோட்டை நீட்டினேன். கல்யாணமான நாளிலிருந்து தினமும் குறிப்பு எழுதும் பழக்கம் எனக்கு உண்டு. பால், கேஸ், விருந்தாள், காய்ச்சல், விரதம் எல்லாம் அதில் இருக்கும். அந்த ஆள் பேசிய ஒவ்வொரு நாளையும் மணியோடு குறித்திருந்தேன். அவர்கள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார்கள்.

“சாயங்காலம் அஞ்சே கால். சந்தில் நின்று சுகந்தியைப் பார்த்து, சிவ சிவ என்றார்.” அடுத்த பக்கம் புரட்டினார்கள். “அஞ்சரை. என் வீட்டுக்காரரையும் என்னையும் சேர்த்து, சிவ சிவ, சிவ சிவ என்றார்.” என்னை நிமிர்ந்து பார்த்தார்கள். “ஏம்மா, அந்த மனுசன் உங்க வாசல்ல நின்னு தெனம் சிவநாமம் சொன்னாரா? இத கொண்டுபோய்க் குடுத்தா அவருக்குப் பொன்னாடை போத்துவாங்க.”

நோட்டின் ஒவ்வொரு பக்கமும் பிள்ளையார் சுழியோடு தொடங்கும். சுழிக்குக் கீழே அந்த வார்த்தைகளை எழுதக் கை வரவில்லை. அதனால் அவை வரவேண்டிய இடத்திலெல்லாம் சிவ சிவ என்று எழுதினேன். பாவம் போக்கத்தான் எழுதினேன். யாருடைய பாவத்தைப் போக்கினேன் என்று அந்த மரத்தடியில்தான் தெரிந்தது.

திருத்தி எழுதிவிடட்டுமா என்று கேட்டேன். “நோட்டுல கை வெக்காதீங்க. அது அப்படியே இருக்கட்டும். வேற தாள்ல நாம எழுதுவோம். முதல் எழுத்த ஒண்டி நீங்க எழுதுங்க, மீதிய நான் பாத்துக்கறேன்.”

ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம் ஆனது. சில இடத்தில் எந்த சிவ சிவ எந்த வார்த்தை என்று எனக்கே நினைவில்லை. அந்த இடங்களை அவர்கள் விட்டுவிட்டார்கள். நிச்சயமாகத் தெரிந்ததை மட்டும் எழுதினார்கள். முடித்ததும், “படிச்சுக் காட்டணும்மா, அதான் முறை” என்று சொல்லிப் படித்தார்கள். மளிகைச் சீட்டைப் படிப்பது போன்ற குரல். ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை. வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டேன்.

“இன்னைக்கு அர்ச்சனை யாருக்குக்கா?” என்று பாஷா பாய் கடையிலிருந்து கேட்டார்.

“உனக்கு வேணும்னா வரிசைல நில்லு பாய். இந்தம்மாவுக்கு ஒரு டீ குடு, சக்கரை தூக்கலா.”

அந்த டீயைக் குடிக்கும்போதுதான் அவர்களிடம் கேட்டேன், ‘தகாத வார்த்தை’ என்று எழுதினால் போதாதா என்று. அதற்கு அவர்கள் சொன்ன பதில் என் நோட்டில் இருக்கிறது. “தகாதுன்னா இன்னாம்மா? யாருக்குத் தகாது? பேசின வாய்க்கா, கேட்ட காதுக்கா? அது ஒரு போர்வை. உங்க மானத்த மூடறதுக்குன்னு நீங்க போத்தறீங்க. அதுக்குள்ள போய்ப் படுத்துக்கறது அவன்.” பிறகு, “நானும் அப்படித்தான் எழுதினேன், என் வீட்டுக்காரர் மேல குடுத்த மனுல. ‘சொல்லக் கூடாத வார்த்தை சொன்னார்’னு. அதப் படிச்சவங்க, ‘புருசன் பொண்டாட்டிக்குள்ள ஆயிரம் இருக்கும்மா’ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க” என்றார்கள். அதற்கு மேல் அதைப் பற்றி அவர்கள் என்றைக்கும் பேசியதில்லை. நானும் கேட்டதில்லை.

இந்த முறை புகார் எடுபட்டது. என் நோட்டின் நகலையும் சேர்த்து வழக்குப் பதிவானது. அந்த ஆள் ஜாமீனில் வந்தார். அதற்குப் பிறகு அவர் சந்தில் பேசுவதில்லை. சுகந்தி வரும் நேரத்துக்கு வந்து நின்று தொண்டையைச் செருமுவார், அவ்வளவுதான். அந்தச் செருமலில் எல்லாம் இருக்கும். பேச்சாவது முடிந்துவிடும். இது எப்போது பேச்சாகும் என்று காத்திருப்பது அதைவிடக் கொடுமை. சாயங்காலம் ஐந்து மணி ஆனால் என் கை தானாக வாசல் தாழ்ப்பாளுக்குப் போகும்.

மூன்று வாய்தாவுக்கு வேணி அம்மா என்னோடு வந்தார்கள். மூன்று முறையும் தள்ளிவைத்தார்கள். நாலாவது வாய்தாவில் என்னைச் சாட்சி விசாரிப்பார்கள் என்று அரசு வக்கீல் சொன்னார். “தாளில் இருப்பதை நீங்கள் வாயால் சொல்ல வேண்டும் அம்மா. சொன்னால்தான் வழக்கு” என்றார். வீட்டுக்காரரைக் கேட்டால், “நான் பாட்டுப் போட்டுக்கினு இருந்தேனே” என்கிறார். அது உண்மையும்கூட. பாட்டு வைத்த பிறகு கேட்டவர்கள் இரண்டே பேர்தான், நானும் சுகந்தியும்.

திரும்பும் வழியில் வேணி அம்மா அதை உடைத்துச் சொன்னார்கள். “நீங்க சொல்லலன்னா உங்க பொண்ணு சொல்லணும். அவளப் பத்தி அவன் சொன்னத அவ வாயாலயே, நாலு பேர் பாக்க. அப்பால அவங்க வக்கீல் எழுந்து, மறுபடியும் சொல்லும்மான்னு கேப்பாரு. எது பரவால்லன்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.”

அன்று நான் கோயிலுக்குப் போய்ப் பிராகாரத்தில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே போகவில்லை. சொல்லப்போகும் வாயோடு எப்படிப் போவது? மறுநாள் அவர்களிடம், “சாமி கேக்குமேம்மா” என்றேன்.

“சாமி அன்னைக்கே கேட்டுடுச்சு. அவன் சந்துல கத்தினப்போ சாமி காதுல பஞ்சா வெச்சிருந்தாரு? நீங்க சொல்றது புதுசா இன்னா இருக்குது அவருக்கு? மரகதம்மா, நீங்க சொல்றப்போ அது உங்க வார்த்தை இல்ல. அவன் உங்க வாசல்ல போட்ட பொருள எடுத்துனு போய், இது இவருதுங்கன்னு காட்டறீங்க. அவ்ளோதான்.”

புரிந்தது. ஆனால் நாக்கு எழவில்லை. அதற்காக ஒரு நாள் அவர்கள் எங்கள் வீட்டுக்கே வந்தார்கள். சுகந்தி வேலைக்குப் போயிருந்தாள், இவர் நூல் வாங்கப் போயிருந்தார். தேங்காய்ச் சட்னிக்கு எடுத்து வைத்திருந்தேன்.

“மிக்சிய ஓட விடுங்க” என்றார்கள். “ஓடறப்போ சொல்லுங்க. எனக்கே கேக்காது.”

மிக்சி ஓடியது. சொன்னேன். என் வாழ்நாளில் முதல் முறை. மேடையைப் பிடித்துக்கொண்டு இரண்டாவது வார்த்தையையும் சொன்னேன். மூன்றாவதில் அழுகை வந்து மிக்சியை நிறுத்திவிட்டேன். அந்தச் சட்னியை யாருக்கும் போட எனக்கு மனம் வரவில்லை. தொட்டியில் கொட்டப் போனேன்.

“குடுங்க இப்படி” என்று வாங்கி, காலையில் மீந்த இரண்டு இட்லிக்கு ஊற்றிக்கொண்டு வேணி அம்மா சாப்பிட்டார்கள். “ஒண்ணும் ஆவல. உப்புதான் கம்மி.”

பிறகும் நாலு முறை வந்தார்கள். மிக்சி ஓடினால் முழுவதும் சொல்வேன். நின்றால் வாய் மூடிக்கொள்ளும். “நீதிமன்றத்துல மிக்சி கெடையாதும்மா” என்று சிரிப்பார்கள். “பரவால்ல. அன்னைக்கு நான் முன்னாடி உக்காந்திருப்பேன். என் மூஞ்ச ஒண்டி பாருங்க. நான்தான் மரம்னு நெனச்சுக்கோங்க.” கடைசியாக வந்த அன்று செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்கள்: “அவங்க வக்கீல் உங்க நோட்ட ஆட்டி, இதுல சிவ சிவன்னுதானே இருக்குதும்பாரு. பயத்துல அப்படி எழுதிட்டேங்கன்னு சொல்லுங்க. பயந்தேன்னு சொல்றதுல பொய் ஒண்ணும் இல்ல.”

அதற்கு ஐந்தாம் நாள் பாஷா பாயின் போன் வந்தது.

வேணி அம்மாவை எடுத்துப்போன அன்று திட்டு வாங்கியவர்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். திருப்புட்குழிப் பெரியவர் தெருமுனையில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். யாரும் சத்தம் போட்டுப் பேசவில்லை. இவ்வளவு வசவை எழுதிய கை அது. அவர்கள் சொந்தமாக யாரையும் ஒரு சொல் திட்டியதாக அங்கே ஒருவருக்கும் நினைவில்லை. குளித்துவிட்டு நான் வீட்டுக்கு வந்தபோது அந்த ஆள் சந்தில் நின்றிருந்தார். பல மாதம் கழித்து அன்று பேசினார். கெட்ட வார்த்தை ஒன்றும் இல்லை.

“எழுதறவ பூட்டா. சொல்றவ இருக்கறாளான்னு பாப்போம்.”

உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டேன். இரண்டு தாழ்ப்பாளும் போட்டேன். வழக்கை வாபஸ் வாங்கிவிடலாமா என்று இவரிடம் கேட்கக்கூட வாய் எழுந்தது. சுகந்தி கேட்டுக்கொண்டிருந்ததால் விழுங்கிவிட்டேன். மறுநாள் கம்பெனிக்குக் கிளம்பும்போது அவள், “உன்னால முடியலன்னா சொல்லிடும்மா, கூண்டுல நான் ஏறிக்கறேன்” என்றாள். இருபத்திரண்டு வயதுப் பெண் தாயிடம் சொல்லக்கூடிய வார்த்தையா அது? அந்த ஆள் பேசிய அத்தனையையும்விட எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

இதை ஞாயிற்றுக்கிழமை எழுதுகிறேன். இன்று காலை ஜாடியில் ஒன்றும் போடாமல் மிக்சியை ஓடவிட்டேன். வெறும் ஜாடி அலறியது. கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். விடுமுறை என்று சுகந்தி வீட்டில் இருக்கிறாள் என்பதே மறந்துபோனது. திடீரென்று சத்தம் நின்றது. அவள் சுவிட்சில் கை வைத்துக்கொண்டு நின்றாள். நான் நிறுத்தவில்லை. நிறுத்தத் தெரியவில்லை என்பதுதான் சரி. மீதி இரண்டு வார்த்தைகளும் நிசப்தத்தில் விழுந்தன. முன்னறையில் தறிச் சத்தமும் நின்றுவிட்டது. முகூர்த்தப் புடவை போட்டிருக்கிறது.

இவர் இறங்கி முகம் கழுவப் போவார் என்று நினைத்தேன். இறங்கவில்லை. கொஞ்ச நேரத்தில் தறி மறுபடி ஓட ஆரம்பித்தது. பாட்டு வைக்கவில்லை.

சுகந்தியின் கண் கலங்கியிருந்தது. அவள் காதைப் பொத்திக்கொள்ளவில்லை. “இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லும்மா” என்றாள். “ஜட்ஜு தூரமா உக்காந்திருப்பாரு.”

வேணி அம்மா, புதன்கிழமை உங்கள் பதினாறாம் நாள். வியாழக்கிழமை என் வாய்தா. எனக்குப் பயம் போகவில்லை. எழுதும்போதே கை வியர்த்துத் தாள் ஒட்டுகிறது. சந்தில் செருமல் கேட்கிறது. ஆனாலும் போவேன். முன் பெஞ்சில் நீங்கள் உட்காரவேண்டிய இடத்தில் என் பையை வைத்துவிட்டுக் கூண்டில் ஏறுவேன். யாராவது நகர்த்தச் சொன்னால், ஆள் இருக்கிறது என்று சொல்லச் சொல்லிச் சுகந்தியைப் பக்கத்தில் உட்காரவைத்திருப்பேன். அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டுதான் சொல்வேன். நீங்கள் நிம்மதியாகப் போய் வாருங்கள் அம்மா.